பேஸ்மென்டில் பியர்க் குழாய்

திருநீற்றுப் புதன்கிழமை. பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்த கையோடு, மரியதாசன் ட்ரில் மெஷினை எடுத்துப் பழைய பிரிட்ஜ் ஒன்றின் கதவில் துளை போடத் தொடங்கிவிட்டார்.

சத்தம் கேட்டு மனைவி றெஜினா பேஸ்மென்டுக்கு ஓடினாள்.

"இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்?"

"பியர்க் குழாய் பூட்டுறன். உள்ளுக்கை பீப்பாவும் காஸ் சிலிண்டரும் இருக்கும். வெளியிலை குழாயைத் திறந்தால் குளிரக் குளிர வரும். பியரும் நானே காய்ச்சப் போறன்."

றெஜினா தலையில் கை வைத்தாள். தவக்காலத்தில் அவனவன் இறைச்சியை விடுகிறான். இந்த மனுசன் பியர்க் குழாய் பூட்டுகிறார்.

அதைக்கூட அந்தோனியார் மன்னித்துவிடுவார். தம்பி வலன்ரைனை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. மேல்வீட்டில் தனியாக இருக்கிறான். புவாண்ட்-கிளேரில் கிடங்கு வேலை முடித்து வரும்போது, மூலை டெப்பனர் கடையில் ஒரு பெட்டி பியர் வாங்காமல் அவன் படி ஏறியதில்லை. போன மாதம் டாக்டர் அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்: ஈரல் கெட்டுக்கொண்டு வருகிறது, இனி ஒரு சொட்டும் கூடாது.

"பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறியள். அவன் உதைக் கண்டால் விடுவானே?"

"ஏன் விடோணும்? கடையிலை வாங்கிக் குடிக்கிறதை எங்கடை கண்ணுக்கு முன்னாலை குடிக்கட்டும்."

"என்ரை தம்பியைக் கொல்லுறதெண்டே நிக்கிறியள்."

"நீர் கொஞ்சம் விலகும். துளை கோணப் போகுது."

அன்றிலிருந்து அவள் அவரோடு கதைப்பதை நிறுத்தினாள். சாப்பாடு மட்டும் நேரத்துக்கு மேசைக்கு வந்தது.

மரியதாசன் அசையவில்லை. போன வருசம், ஊரே வீடு மாறுகிற ஜூலை முதலாம் திகதி, யாரோ றோட்டோரம் விட்டுப்போன பிரிட்ஜ் அது. அதற்கு நீல நிறம் பூசினார். மூன்று கிழமை கழித்து, காய்ச்சிய பியரைப் பீப்பாவில் நிரப்பி முதன்முதலில் குழாயைத் திறந்தபோது பியருக்குப் பதிலாக நுரை சீறி வந்து அவர் மீசையை வெள்ளையாக்கியது. உள்ளே இருந்த ரியூப் கட்டையாம். மூன்று மீற்றருக்கு நீட்டிச் சுருட்டி வைத்த பிறகு ஒழுங்காக வந்தது. ஐம்பத்தெட்டு வயது மனுசன் தனியாக நின்று கை தட்டினார்.

வலன்ரைனுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. சனிக்கிழமை வந்தான். ஐந்து கிளாஸ் குடித்தான். அத்தானின் கையைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி பைலா ஆடினான். போகும்போது ஆணியில் தொங்கிய குளிர்கோட்டுக்குக் கை கொடுத்து பிரெஞ்சில் "பொன்சுவார்" என்று மாலை வணக்கம் சொன்னான்.

றெஜினா குசினியில் இருந்து அழுதாள். அந்தோனியாருக்கு இன்னொரு மெழுகுதிரி நேர்ந்தாள். அடுத்த சனிக்கிழமையும் இதே கூத்துத்தான்.

ஈஸ்டர் முடிந்த கிழமை, ஒருநாள் வேலையிலிருந்து வேளைக்கே வந்துவிட்டாள். வீடு முழுக்கப் பாண் வேகிற வாசம். அடுப்பில் பெரிய கிடாரம். பக்கத்தில் அகப்பையும் கையுமாக மரியதாசன்.

கோபத்தில் கதையாத விரதம் முறிந்தது. "உதென்ன?"

"பியர்."

"பியரை ஏன் கொதிக்க வைக்கிறியள்?"

கையும் களவுமாகப் பிடிபட்டவர் திருதிருவென்று முழித்தார். "அல்ககோல் ஆவியாய்ப் போகத்தான். பழுத்த வாழைப்பழத்திலை இருக்கிறவளவுதான் மிஞ்சும். ஆனா கொதிச்ச பியர் தன்பாட்டிலை நுரைக்காது. காஸ் அடிக்கோணும். அதுக்குத்தான் பீப்பா, சிலிண்டர், பிரிட்ஜ் எல்லாம். முதல் நாளிலை இருந்து இதைத்தான் அவனுக்குக் குடுக்கிறன். அவனும் இப்ப கடைப் பெட்டியோடை படி ஏறுறதில்லை."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே."

"நீர் கோவிச்சால்தானே அவன் நம்புவான்."

றெஜினா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். இத்தனை கிழமை சிரிக்காத சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள்.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. வலன்ரைன் இரத்தப் பரிசோதனைக் கடதாசியை ஆட்டிக்கொண்டு வந்தான். ஈரல் நன்றாகத் தேறிவிட்டதாம்.

"பாத்தியளே அத்தான், உங்கடை பியர்தான் மருந்து" என்றவன், மூன்று கிளாஸை முடித்துவிட்டு ஆட ஆரம்பித்தான். றெஜினாவுக்கு அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு மேலே குசினிக்கு ஓடினாள்.

பின்னாலேயே வலன்ரைன் வந்தான். நடையில் தள்ளாட்டமே இல்லை. கதவை மெல்லச் சாத்தினான்.

"அக்கா, உனக்கும் தெரிஞ்சுபோச்சோ?"

"என்னது?"

"உதிலை வெறி இல்லையெண்டு."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "உனக்கு எப்பயடா தெரியும்?"

"முதல் கிளாஸிலையே தெரியும். இருபது வருசமாய்க் குடிச்சவனுக்கு உது தெரியாதே? எனக்காக அத்தான் இவ்வளவு மினக்கெட்டிருக்கிறார் எண்டு விளங்கினாப் பிறகு டெப்பனர் வாசலை மிதிக்க வெக்கமாய்ப் போச்சு. அண்டைக்கு விட்டதுதான் அக்கா."

"அப்ப உந்த ஆட்டமெல்லாம்?"

"மச்சான், அடுத்த கிளாஸ் வாத்தாச்சு" என்று கீழேயிருந்து மரியதாசனின் குரல் கேட்டது. அந்தக் குரலில் அவ்வளவு சந்தோசம். வலன்ரைன் தலைமயிரைக் கலைத்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டான்.

"எனக்காக அந்த மனுசன் கிழமை முழுக்கப் பொய் சொல்லுறார். அவருக்காக நான் சனிக்கிழமையிலை ரெண்டு மணித்தியாலம் தள்ளாடினால் குறைஞ்சே போவன்?"