கடைசி இரண்டு இலக்கம்

வெள்ளவத்தையில் கல்யாணப் பலகாரம் செய்து விற்கும் தவராணியின் மேசையில் புஷ்பராஜ் தன் போனை வைக்கிறான். எட்டு வருடத்துக்கு முன் அவன் செய்து கொடுத்த வெப்சைட் அதில் விரிகிறது. கடற்கரை ரயில் கடக்க, அடுக்கிய வெறுந்தட்டுகள் கிலுங்குகின்றன. "கொம்பியூட்டருக்குச் செய்ததக்கா. போனில உங்கட நம்பரின்ர கடைசி ரெண்டு இலக்கமும் வெட்டுப்படுது." "அதுதானோ ஒருத்தரும் கோல் எடுக்கேல்ல? நான் என்ர கைப்பக்குவம் போயிட்டுதெண்டெல்லோ இருந்தனான். உமக்கு எப்ப தெரியும் தம்பி?" போன வருடமே அவனுக்குத் தெரியும், அவளுடைய பேரத்துக்குப் பயந்து தள்ளிப்போட்டவன். "இப்பதானக்கா," என்கிறான். பாதிக்கு இழுப்பாள் என்று, அதைத் திருத்த இருமடங்கு விலை சொல்கிறான். அவள் திரையின் ஓரத்தை விரலால் தேய்த்தபடி, "சரி, கெதியா செய்யும்," என்கிறாள். குறைத்துச் சொல்ல அவனுக்கு நா எழவில்லை.