வெள்ளைச் சுவர்

"இடது கண்ணைக் கையில பொத்திக்க கண்ணு. அப்பா பொத்தியிருக்கேன் பாரு, அப்படி. இப்போ எதுத்த ஊட்டுச் செவுத்தைப் பாரு."

மொட்டை மாடியில் அப்பாவைப் போலவே பொத்திக்கொண்டு நின்றாள் ஏழு வயது ரித்திகா. தெருவுக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய வீட்டின் சுவர், நேற்று வெள்ளையடித்தது, நாலு மணி வெயிலில் பளிச்சென்றிருந்தது.

"நடுவுல கருப்பா ஏதாச்சும் தெரியுதா?"

"ஆமாங்கப்பா. உருண்டையா."

சுரேந்தரும் உற்றுப் பார்த்தான். பொட்டு அழுக்கில்லாத வெள்ளை.

"சரி, இன்னொரு கண்ணுல பாரு."

ரித்திகா கை மாற்றினாள். "இதுலயும் தெரியுதுங்க."

இரண்டு கண்ணுமா? அவன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

பம்பு கம்பெனியில் அளவு சரிபார்க்கிற வேலை அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் தொலைநோக்கியில் கேமராவை மாட்டிச் சூரியனின் புள்ளிகளைப் படம் எடுப்பான். இன்று காலை ஒன்பது மணிக்கு, கேமராவை மாட்டும் முன் பேட்டரி எடுக்கக் கீழே போனவன், திரும்பி வந்து படியிலேயே நின்றுவிட்டான். தொலைநோக்கி சூரியனைப் பார்த்தபடி நின்றது. சூரிய ஒளியைக் குறைக்கிற வடிகட்டித் தாள் ஒட்டிய மூடி தரையில் கிடந்தது. பக்கத்தில் ரித்திகா, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"உள்ள பாத்தியா?"

"இல்லீங்கப்பா. காத்துல விழுந்துச்சு."

ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து சுழற்றி அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் முகத்தில் எதையோ மறைக்கிற களை. அவன் மூடியை மாட்டி, தொலைநோக்கியின் முதுகில் குறிபார்க்க இருந்த சின்னக் குறிக்குழாயில் குனிந்து சூரியனை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டே படம் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கட்டிவைத்தான்.

மூடியில்லாத கண்ணாடி வழியாக ஒரு நொடி போதும், விழித்திரை வெந்துவிடும். அப்போது வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் ஓட்டை விழும். சிலருக்கு அது கரும்புள்ளியாகத் தெரியும். சிலருக்கு எதிரில் இருப்பதே காணாமல் போகும். சூரியனைப் பார்க்க மாடிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவனே இதைப் பத்து முறை சொல்லியிருப்பான். இன்று பொண்டாட்டி புவனாவிடம்கூடச் சொல்லவில்லை. சோறு இறங்கவில்லை. அழுகையை அடக்கி அடக்கிக் கண்தான் மதியத்திலிருந்து மங்கலடித்தது.

"சாமி, அப்பா அடிக்கமாட்டேன். காலையில என்ன பண்ணுன? நெசத்தைச் சொல்லு."

ரித்திகா கவுன் பாக்கெட்டை இறுகப் பிடித்துக்கொண்டு விசும்பினாள்.

காய்ந்த துணி எடுக்க மேலே வந்த புவனா நின்றாள். "ஏனுங்க, அப்பனும் புள்ளையும் ஒத்தக் கண்ணைப் பொத்திட்டு? கண்ணாமூச்சியா?"

"புவனா, கண்ணாஸ்பத்திரிக்குப் போகோணும். பாப்பா சூரியனை நேரா பாத்துப்போட்டா. வெறுஞ்செவுத்துல கருப்பா உருண்டையா தெரியுதுங்கறா."

புவனா எதிர் வீட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அட, அது திருஷ்டிச் சட்டிங்க. மத்தியானந்தான் கட்டித் தொங்கவிட்டாங்க. அதுக்குப் போயி புள்ளைய அழ வெச்சுட்டீங்களே."

சுரேந்தர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் இமைகளில் மாறி மாறி முத்தமிட்டான். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்பா சிரித்ததும் ரித்திகாவுக்குத் தைரியம் வந்தது. பாக்கெட்டுக்குள் கையைவிட்டு எதையோ எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"பெரிய மூடி விழுந்தப்போ இதும் விழுந்துச்சுங்கப்பா. பொம்மைக்குத் தொப்பி வெக்கலாம்னு எடுத்துட்டேன். திட்டாதீங்க."

ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய மூடி. வடிகட்டித் தாள் ஒட்டியது. குறிக்குழாயின் மூடி.

காலையில் அதில் குனிந்தபோது வலது கண் கூசியது அவனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சுரேந்தர் மெல்ல எழுந்தான். எதிர்ச் சுவரின் நடுவில், வெள்ளைப் புள்ளிகள் வைத்த கரிச்சட்டி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இடது கண்ணைப் பொத்தினான். சுவர் மட்டும் இருந்தது.