ஆலோசனை அறையில் சீட்டுக்கட்டு

"பசங்க மனசுல இருக்கறதைக் கேக்கத்தானே உங்களுக்குச் சம்பளம்? எப்ப வந்து பார்த்தாலும் அவங்களோட சீட்டாடிட்டு இருக்கீங்க!"

தலைமையாசிரியர் லின்ட்குவிஸ்ட் வாசலிலேயே நின்று கத்தினார். அடுத்த வருடம் மாணவர் ஆலோசகர் வேலையே பள்ளிக்கு வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் வந்திருந்தார்.

"உட்காருங்க சார், ஒரே ஒரு ஆட்டம்" என்று ஆலோசகர் வெர்னா சீட்டைப் பிரித்துப் போட்டாள்.

"கவுன்சிலிங்கை எப்பதான் ஆரம்பிப்பீங்க?" முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"முதல் சீட்டை நீங்க இறக்குங்க சார். வீட்ல யாராவது ஆடுவாங்களா?"

"பொண்ணு ஆடுவா." சீட்டுகளை அடுக்கினார். "என்னைத் தோக்கடிச்சுட்டு வீடே அதிரச் சிரிப்பா. இப்ப முகம் குடுத்தே பேசறதில்ல."

"ம்." வெர்னா சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தப்பு என்மேலதான். ஐஸ் ஹாக்கி டீம்ல எடுக்கலைன்னு அழுதுட்டு வந்தா. உன் லட்சணத்துக்கு யார் எடுப்பான்னு கேட்டுட்டேன்." ஒரு சீட்டை இறக்கினார். "இன்னிக்குப் போய் மன்னிப்புக் கேட்டுடணும்."

மணி அடித்தது. திடுக்கிட்டு எழுந்தார்.

வெர்னா சீட்டுகளைச் சேர்த்துக் கட்டினாள். "எப்ப ஆரம்பிப்பீங்கன்னு கேட்டீங்களே சார்? இப்பத்தான் முடிஞ்சுது."