எந்தத் தோட்டாவானாலும் சரி

வாங்க வந்தவன் பர்ஸை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டான். விற்க வேண்டிய ஹார்லன்தான் வாயை மூடுகிற வழியாக இல்லை.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி டோரீன் பல்லைக் கடித்தாள். மொன்டானாவின் அந்தச் சிற்றூரில் மான் வேட்டை முடிந்துவிட்டால் துப்பாக்கிக் கடைக்கு ஈ காக்கை வராது. இன்றைக்கு அதிசயமாக ஒருவன் வந்தான். ஐம்பது வயதிருக்கும், கோதுமை விவசாயி மாதிரி தெரிந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் முதலில் கண்ணில் பட்ட குட்டைக்குழல் ரிவால்வரைக் காட்டி, "இது" என்றான். விலை கேட்கவில்லை. கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. இப்படி ஒரு மகராசனை அனுப்பச் சொல்லித்தான் டோரீன் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் மன்றாடுகிறாள்.

"தோட்டா?" என்று கேட்டான் ஹார்லன்.

"எதுவானாலும் சரி."

ஹார்லன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். டோரீன் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்தத் துடைப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அவர்கள் ஊர்ப் பாதிரியார்கூடப் பிரசங்கத்தை இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார். இவன் முடிக்க மாட்டான்.

"எதுவானாலும் சரின்னா எப்படி? உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

குழல் குட்டை, அதனால் குண்டு போதிய வேகம் பிடிக்காது என்றான். வேகம் பிடிக்காவிட்டால், பட்டவுடன் விரிய வேண்டிய குழிமூக்குத் தோட்டா விரியாமல் ஊடுருவிப் போய்ப் பக்கத்து வீட்டுச் சுவரில் நிற்கும். அதற்காக மருந்து அதிகம் போட்டதை வாங்கினால், இந்தப் பொடித் துப்பாக்கி கழுதை மாதிரி உதைக்கும். தட்டைமூக்குத் தோட்டா உதைக்காது, ஆனால் அவசரத்துக்கு மறுபடி நிரப்பும்போது ஓட்டைக்குள் போகாமல் அடம்பிடிக்கும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு டப்பா அலமாரியிலிருந்து இறங்கியது. மேஜைமேல் பதினோரு டப்பாக்கள் சேர்ந்துவிட்டன. துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை மட்டும் அவன் எடுக்கவே இல்லை. அதை எடுத்து நீட்டியிருந்தால் வியாபாரம் எப்போதோ முடிந்திருக்கும்.

நடுநடுவே குடும்ப விசாரணை வேறு. பேர் என்ன? எல்டன். வீட்டில் யார் யார்? இப்போது யாரும் இல்லை. திருட்டு பயமா? இல்லை. கரடித் தொல்லையா? இல்லை. இடுப்பு உறை வேண்டுமா? வேண்டாம். துடைக்க எண்ணெய்? வேண்டாம்.

பெண்ணுக்கு மாப்பிள்ளையா பார்க்கிறான் இந்த மனுஷன் என்று டோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாங்க வந்தவன் முகத்தில் அலுப்பு தட்டிவிட்டது. இன்னும் இரண்டு நிமிடம் போனால் எழுந்து போய்விடுவான்.

"டப்பாவுல எத்தனை இருக்கும்?" என்று எல்டன் கேட்டான்.

"இருபது."

"அவ்வளவு எதுக்கு?" என்றான், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

ஹார்லன் பேச்சை நிறுத்தினான். பதினோரு டப்பாக்களையும் மெதுவாக ஒரு பக்கம் ஒதுக்கினான்.

"உங்களுக்கு ஏத்த தோட்டா எங்கிட்ட இல்ல. சொல்லித்தான் வரவழைக்கணும்."

"என்னது? உள் அலமாரி நிறைய..." என்று டோரீன் ஆரம்பித்தாள். ஹார்லன் தன் பூட்ஸால் அவள் காலை மிதித்தான்.

"துப்பாக்கியும் அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும். அப்புறம், வாங்க வர்றப்ப கூடப்பொறந்தவங்க யாரையாவது கூட்டிட்டு வரணும். எங்க கடைச் சட்டம் அது."

கடை திறந்த நாளிலிருந்து அப்படி ஒரு சட்டத்தை டோரீன் கேள்விப்பட்டதே இல்லை. எல்டனுக்கு அதை எதிர்த்துக் கேட்கத் தெம்பில்லை போலிருந்தது. ஒரு தங்கை இருக்கிறாள், லுவான் என்று பேர், இருபது மைல் தள்ளி இருக்கிறாள் என்று சொல்லி, ஹார்லன் நீட்டிய துண்டுச் சீட்டில் அவள் போன் நம்பரை எழுதிக் கொடுத்தான்.

"எழுந்திரிங்க. எதிர் ஓட்டல்ல இப்பத்தான் ஹக்கிள்பெர்ரிப் பழம் வச்சுச் சுட்ட பை அடுப்புலேருந்து இறக்கியிருப்பாங்க. தனியாத் தின்னா எனக்கு இறங்காது" என்றான் ஹார்லன்.

எல்டன் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய்ப் பனியில் நின்றான். ஹார்லன் கோட்டை மாட்டிக்கொண்டே அந்தச் சீட்டை டோரீனிடம் நீட்டினான்.

"இந்த நம்பருக்குப் பேசு. போட்டது போட்டபடி உடனே கிளம்பி ஓட்டலுக்கு வரச் சொல்லு."

டோரீன் வெடித்தாள். "கைக்கு வந்த வியாபாரத்தை வாயாலயே கெடுத்தாச்சு. இப்ப அந்த ஆளுக்குப் பை வேற வாங்கித் தரப் போறியா? கடையில இத்தனை வகை இருக்கு, அதுல ஒண்ணுகூடவா அவனுக்கு ஆகாது?"

ஹார்லன் வெளியே நின்றவன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. அவன் இவ்வளவு தணிந்த குரலில் பேசி டோரீன் கேட்டதே இல்லை.

"உசிரைக் காப்பாத்திக்க வாங்குறவன் எவனும், எந்தத் தோட்டாவானாலும் சரின்னு சொல்ல மாட்டான், டோரீன்."