அசல் வண்டி

பழைய கார்களுக்குச் சான்றிதழ் தரும் ஆய்வாளர், டார்ச் அடித்து என்ஜினில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார்.

"ஆர்.சி. புத்தகத்துல இருக்கிற அதே நம்பர். அசல்தான்!"

கீழ்வீட்டு அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "அப்ப பழைய கார் கண்காட்சிக்கு அனுப்பலாமா சார்?"

"சேஸிஸ் நம்பரையும் பார்த்துடறேன்."

அண்ணன் முகம் சுண்டியது. "அது மாடியில, தம்பி வீட்ல இருக்கு. நான் அங்க காலெடுத்து வைக்க மாட்டேன்."

மாடியில் தம்பி மெத்தையைத் தூக்கினார். கீழே கட்டில் இல்லை; காரின் அடிச்சட்டமான சேஸிஸ்தான் இருந்தது. அந்த எண்ணும் சரி.

"என்னங்க இது அநியாயம்?" என்றார் ஆய்வாளர்.

"அப்பா போனதும் சொத்தைப் பிரிச்சோம் சார். ஆளுக்கு ஒரு பங்கு."

"எல்லாத்தையும் சேர்த்து ஓட்டிக் காட்டினாத்தான் சான்றிதழ்."

தம்பி தலையைச் சொறிந்தார். "என்ஜினை அண்ணன் கால்ல விழுந்தாவது வாங்கிடுவேன். ஆனா ஸ்டியரிங் அக்கா பங்கு சார். அவங்க அதை மட்டும் வச்சே கண்காட்சிக்குப் பேர் கொடுத்துட்டாங்க!"