பாதிப் படியில் வில்லி

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் வரிவரியாகப் போட்டிருக்கிறது. சாப்பாட்டு மேசையின் ஒரு முனையில் என் மருமகள் கைபேசியில் தட்டிக்கொண்டிருக்கிறாள். டிவியில் எப்போதோ முடிந்துபோன தொடரின் ஆட்களை வைத்து, தன் இஷ்டத்துக்குக் கதையை வளர்க்கிறாள். மறுமுனையில் என் மகள் துணிகளுக்கு இஸ்திரி போடுகிறாள். அவள் பல்லைக் கடிக்கிற சத்தத்தில், தெருவில் படுத்திருக்கும் நாய் எழுந்து இடம் மாறிப் படுக்கிறது. என் கண்ணால் பார்க்கிறேன். "அண்ணி, உங்க வில்லி எதுக்கு என்னை மாதிரியே கோபம் வந்தா காதைத் திருகிக்கிறா?" "டிவியிலயும் அப்படித்தானே?" "அங்க அவ காதைத் தொட்டதே இல்ல." "விடாம படிக்கிறே போலிருக்கு." இஸ்திரிப் பெட்டி புஸ்ஸென்று ஆவி விடுகிறது. "இன்னைக்கு அவளை மாடியிலேர்ந்து தள்ளிக் கொல்லப்போறீங்களாமே?" "தள்ளியாச்சு. பாதிப் படியில உருண்டுட்டிருக்கா." "கொல்லுங்க. நான் செத்துட்டா நாளைக்கு எதைப் பாத்து எழுதுவீங்க?" மருமகளின் கட்டைவிரல் அந்தரத்தில் நிற்கிறது. மின்விசிறிகூட ஒரு சுற்றை விட்டுவிட்டுத்தான் சுற்றுகிறது. பிறகு விரல் இறங்கி ஒவ்வோர் எழுத்தாக அழிக்கிறது. வில்லி உருண்ட படிகளில் பின்னோக்கி ஏறி, மேல்படியில் போய் நின்றுகொள்கிறாள். என் மகள் ஒரு கையால் காதைத் திருகிக்கொண்டே, சூடான பெட்டியை, மேசையில் விரித்திருந்த மருமகளின் புதுச் சட்டைமேல் வைத்துவிட்டு மறுகையை எடுத்துக்கொள்கிறாள். புகை எழுகிறது. மருமகள் சட்டையைப் பார்க்கவில்லை. என் மகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, வேகமாகத் தட்டுகிறாள்.