கருங்கல் பெஞ்சு

கல்வராயன் மலைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்ததுமே தலைவர் குணசீலன் அசந்துபோனார். வழவழப்பான கருங்கல் பெஞ்சு. இத்தனை மழை, வெயில் பார்த்தும் ஒரு விரிசல் இல்லை.

"இன்னா உறுதி. யாரு டிசைன்மா இது?"

"நாங்களே போட்டதுங்க," என்றாள் பக்கத்தில் நின்ற ஊர்க்காரி மகேஸ்வரி. "கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போறவங்க பஸ்சு வர்ற வரைக்கும் நின்னுக்கினே கெடந்தாங்க."

"ஊருக்கு ஊரு இதே மாதிரி போடணும். கல்லு எங்க கெடைக்கும்?"

"நீங்க குடுத்தாத்தாங்க."

தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை. கல்லின் கனம் பார்க்க அடியில் கைவிட்டார். விரலில் எழுத்துகள் தட்டுப்பட்டன. குனிந்து படித்தார்.

'புதிய மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியவர்: திரு. குணசீலன்.'

"பள்ளிக்கூடத்துக்கும் ஒரு கல்லு நாட்டிட்டுப் போங்க," என்றாள் மகேஸ்வரி. "எதிர்ப்பக்கம் உக்கார எடமே இல்ல."